பத்மினிக்குத் தேவை புது இன்ஜின் அல்ல

பழைய பிரீமியர் பத்மினி கார் நெடுஞ்சாலையில் தள்ளாடுவதற்கு அதன் 1089 சிசி இன்ஜின்தான் காரணம், டீசல் இன்ஜின் மாற்றினால் சரியாகும் என்று பத்மினி பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா 1982-ல் வாங்கிய பத்மினியை இன்றும் திருச்சி சாலையில் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் எழுபது கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே ஸ்டீயரிங் உதறும். குற்றவாளி இன்ஜின் இல்லை, தேய்ந்த கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) அதன் புஷ்களும். அவற்றை மாற்றி, பழைய கிராஸ்பிளை வகை டயர்களுக்குப் பதில் ரேடியல் டயர் போட்டு, டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) பார்த்த பிறகு வண்டி கோடு போட்டதுபோல் போகிறது. நிறுத்தி வளைக்கும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். இன்ஜினின் இழுக்கும் சக்தி குறைந்ததற்கும் காரணம் சின்னதுதான்: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் ஆடியதால் அதன் பாயின்ட் கேப் (தொடுமுனைகளின் இடைவெளி) நிலைக்கவில்லை, தீப்பொறி விழும் டைமிங் மாறிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்து, டாப்பெட் (வால்வு இடைவெளி) சரியாக வைத்து, பெட்ரோல் வரும் கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்ததும் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறுகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், டீசல் இன்ஜின் மாற்றி வேகம் கூடியதாகச் சொல்லியிருக்கிறார். பத்மினி நான்கு சக்கரத்திலும் பழைய பாணி டிரம் பிரேக் உள்ள வண்டி. கனமான டீசல் இன்ஜினால் முன்பக்கம் எடையையும் ஏற்றி வேகத்தையும் கூட்டினால் நிறுத்துவது எப்படி? தயவுசெய்து முதலில் பிரேக் சிலிண்டர்களையும் பிரேக் ஆயில் போகும் ஹோஸ்களையும் மாற்றுங்கள்.