எந்த கம்பைலர்னு ஒரு வரி எழுத என்னய்யா கஷ்டம்?

மறுபடியும் அதே கொடுமை. ஒரு டாட் ஏ ஃபைல் (ஏற்கெனவே கம்பைல் பண்ணின லைப்ரரி), ஒரு ஹெடர் (அதுல உள்ள ஃபங்ஷன்களோட பட்டியல்), ரெண்டு வரி ரீட்மீ. எந்த கம்பைலர் (கோடை மெஷின் மொழிக்கு மாத்துற புரோகிராம்), எந்த வெர்ஷன்னு ஒரு வார்த்தை கிடையாது. காசு கொடுத்து வாங்குற சி++ லைப்ரரி இது!

கம்பைல் சுத்தமாப் போகும். எல்லாத்தையும் ஒண்ணாக் கோர்க்கிற லிங்க்ல வந்து கழுத்தைப் பிடிக்கும்: ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’. ஹெடர்ல அந்த ஃபங்ஷன் இருக்கு, லைப்ரரிலயும் இருக்கு, லிங்கர் மட்டும் இல்லைங்குது. சப்போர்ட்ல கேட்டா, "லிங்க் ஆர்டரைப் பாருங்க." பார்த்தாச்சுய்யா! ஸ்டாட்டிக் லைப்ரரி, அதைக் கூப்பிடுற ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு (நம்ம கோடு கம்பைல் ஆகி வர்றது) பின்னாடிதான் வரணும்னு எல்லாருக்கும் தெரியும். கோளாறு அங்கே இல்லை.

ஃபைலுக்குள்ள இருக்கிற பேர்களைக் காட்டுற என்எம் டூலை, அதைப் படிக்கிற மாதிரி மாத்தித் தர்ற டீமாங்கிள் ஆப்ஷனோட ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்க. லைப்ரரில அந்த ஃபங்ஷன் ‘டி’ (T, இங்கே இருக்குன்னு அர்த்தம்) போட்டு உட்கார்ந்திருக்கும். அது வாங்குறது பழைய ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). நம்ம ஆப்ஜெக்ட்ல ‘யு’ (U, இங்கே இல்லை, வெளியே தேடணும்னு அர்த்தம்) போட்டு அதே பேர், ஆனா ஸ்ட்ரிங்குக்கு முன்னாடி சிஎக்ஸ்எக்ஸ்11னு ஒரு நேம்ஸ்பேஸ் (முன்னொட்டுப் பேர்). 2015-ல ஜிசிசி கம்பைலரோட 5-ஆம் வெர்ஷன் வந்தப்போ ஸ்ட்ரிங்கோட உள்ளமைப்பே மாறிடுச்சு. காப்பி-ஆன்-ரைட் (மாத்தும்போதுதான் நகலெடுக்கிற) ஸ்ட்ரிங்குக்கு சி++11 விதிகள்ல இடமில்லை, மாத்தித்தான் ஆகணும். பேரையும் சேர்த்து மாத்தினதாலதான் லிங்க்லயே மாட்டுது. இல்லேன்னா ஓடும்போது மெமரி நாசமாப் போயிருக்கும். லிங்கர் மேல எனக்குக் கோபமே இல்லை.

லைப்ரரிக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற ரீட்எல்ஃப் டூல்ல காமென்ட் செக்‌ஷனைத் திறந்தா உண்மை வெளியே வருது: ஜிசிசி 4.8.5. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் காலத்து கம்பைலர்! அந்த சென்ட்ஓஎஸ்ஸுக்கே 2024 ஜூனோட ஆதரவு முடிஞ்சு போச்சு.

அடுத்த அறிவுரை: "ஏபிஐ மேக்ரோவை பூஜ்யம்னு வெச்சு கம்பைல் பண்ணுங்க." அதாவது பழைய ஸ்ட்ரிங்கையே பயன்படுத்தச் சொல்ற செட்டிங். (ஏபிஐன்னா இங்கே ABI, கம்பைல் ஆன கோடுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற ஒப்பந்தம்; API இல்லை.) எதை? நம்ம கோடை மட்டுமா? பூஸ்ட், புரோட்டோபஃப்னு ஸ்ட்ரிங்கைக் கையில வாங்குற சி++ லைப்ரரி அத்தனையையும் அதே மேக்ரோவோட திரும்ப பில்ட் பண்ணணும். உபுண்டு லினக்ஸ் ரெடியா கொடுக்குற பேக்கேஜ் எதுவும் ஆகாது, அதெல்லாம் புது ஏபிஐ. அவங்க எழுதாம விட்ட ஒரு வரிக்கு, வாங்கினவன் ஊர் லைப்ரரியெல்லாம் பில்ட் பண்ணணுமா?

எக்ஸ்டர்ன் சி (சி மொழி மாதிரி பேரை மாத்தாம வைக்கிற முறை) போட்டு, ஸ்ட்ரிங்குக்குப் பதிலா கேரக்டர் பாயின்டர் (எழுத்துங்க இருக்கிற மெமரி முகவரி) வாங்குற மாதிரி வாசலை வெச்சிருந்தா இந்த வில்லங்கமே கிடையாது. முடியலையா, ரெண்டு ஏபிஐக்கும் தனித்தனி பில்ட் கொடுங்க.

அப்புறம் அந்த பிடிஎஃப் மேனுவல்! அதுலேர்ந்து கமாண்டை காப்பி பண்ணி ஒட்டினா மைனஸ் குறி நீளக் கோடா மாறி வருது. ஜிசிசி அதை ஃபைல் பேர்னு எடுத்துக்கிட்டு அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. கமாண்டையாவது டெக்ஸ்ட் ஃபைல்ல கொடுங்கய்யா!