வெனிஸை நாறடித்தது யார்?

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்ட், இத்தாலியில் தண்ணீருக்கு நடுவே இருக்கும் வெனிஸ் நகரத்தில் வாசித்த கதையை எடுத்தாலே நம்மூர் ராக் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது சொர்க்கம். தண்ணீருக்கு நடுவே மேடை, எதிரே பல நூற்றாண்டுக் கட்டடங்கள், மேலே வாணவேடிக்கை, டிக்கெட் கிடையாது. இன்னொரு கட்சியோ, "அதெல்லாம் சரி, அந்த ரசிகப் பயலுவ ஒரு ஊரையே நாறடிச்சிட்டுல்லா போனானுவ" என்று தலையில் அடித்துக்கொள்கிறது. சமீபத்தில் அந்த வீடியோ எங்கள் நண்பர்கள் வட்டத்தில் மறுபடி சுற்றியபோதும் இதே சண்டைதான். இரண்டாவது கட்சியில் இருப்பவர்களும் பிங்க் ஃப்ளாய்ட் பைத்தியங்கள் என்பதுதான் வேடிக்கை. ரசிகனைத் திட்டுவதில் ரசிகனை மிஞ்ச ஆளில்லை.

எனக்கு அந்தக் கட்சியோடு ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

1989 ஜூலை 15, சனிக்கிழமை இரவு. ரோஜர் வாட்டர்ஸ் அதற்குள் குழுவை விட்டுப் போய்விட்டார். டேவிட் கில்மர், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் உலகம் சுற்றிக்கொண்டிருந்த காலம். சான் மார்கோ சதுக்கத்துக்கு எதிரே தண்ணீரில் ஒரு பெரிய மிதவையை நிறுத்தி, அதன்மேல் மேடை கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் ரெதெந்தோரே திருவிழா வேறு. 1570களில் ஊரையே வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றி சொல்லும் விழா அது. சனி இரவு குடும்பம் குடும்பமாகப் படகில் உட்கார்ந்து சாப்பிட்டபடி வாணவேடிக்கை பார்ப்பார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

வழக்கமாகவே கூட்டம் கூடுகிற நாள். அதில் உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவைக் கூப்பிட்டு, இலவசம் என்றும் சொன்னால் என்ன ஆகும்? சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள். அந்தப் பழைய தீவு நகரத்தில் அப்போது குடியிருந்தவர்களே 80,000 பேர் அளவில்தான்.

கச்சேரிக்குச் சில நாள் முன்பு, பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அதிகாரிகள் தடை போடப் பார்த்தார்கள். அதிர்வில் சான் மார்கோ தேவாலயத்தின் மொசைக் வேலைப்பாடுகள் (சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் பதித்த படங்கள்) உதிர்ந்துவிடும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். கடைசியில் மேடையைக் கரையிலிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும், ஒலியை 100 டெசிபலிலிருந்து 60க்கு இறக்க வேண்டும் என்று சமரசம் ஆனது. 60 டெசிபல் என்பது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் சத்தம். ராக் கச்சேரிக்கு! அப்புறம் டிவி. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நேரடி ஒளிபரப்பு என்பதால், செயற்கைக்கோள் நேரத்துக்கு ஏற்ப நிகழ்ச்சியை 90 நிமிடத்துக்குள் முடித்தார்கள்.

ஆக, மொசைக்கைப் பற்றி யோசித்தார்கள். டிவியைப் பற்றியும் யோசித்தார்கள். மத்தியானத்திலிருந்தே வந்து இடம்பிடித்து, வெயிலில் கிடந்து, குடித்ததையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிற 2 லட்சம் பேர் எங்கே போய் ஒன்றுக்கிருப்பார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கழிவறை, சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் தருவதாக ஒப்புக்கொண்ட நகர நிர்வாகம் கடைசியில் கைவிரித்துவிட்டு, பழியை எங்கள் தலையில் போட்டது என்று கில்மர் பிற்பாடு கசந்து பேசியிருக்கிறார். மறுநாள் சதுக்கத்தில் கிடந்த குப்பை 300 டன் என்று அப்போது செய்தி வந்தது. மூத்திர நாற்றம் தனி.

இதில் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. வெனிஸ்காரர்கள் கோபப்பட்டது பெரும்பாலும் ரசிகர்கள்மேல் அல்ல. நகராட்சியைப் பார்த்து "ராஜினாமா செய்" என்றுதான் கத்தினார்கள். மேயரும் அவருடைய குழுவும் பதவி விலக நேர்ந்தது. நாற்றத்தை மூக்கால் அனுபவித்தவர்களே பழியைச் சரியான வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு நாம் ரசிகனைத் திட்டுகிறோம்.

பழைய மண்டபத்துத் தூணில் பாட்டிலை உடைப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படிப்பட்டவன் எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் இருப்பான், அவனைப் பிடித்து உள்ளே போட வேண்டியதுதான். ஆனால் 300 டன் என்பது நாலு பேர் போட்ட குப்பை இல்லை. காலிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி எங்கே என்று பார்த்து, எங்குமே இல்லாததால் காலடியில் வைத்துவிட்டுப் போன சாதாரண ஆட்கள் போட்டது அது.

கூட்டம் என்பது ஏற்பாட்டைப் பொறுத்தது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. 2011 அக்டோபரில் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா முதன்முறையாக இந்தியா வந்தது. அக்டோபர் 28 அன்று குர்காவ்ன் பூங்காவில் நடக்க வேண்டியது. முன்வரிசைத் தடுப்பு தாங்கவில்லை, காத்துக் காத்து நின்ற கூட்டத்திடம் நிகழ்ச்சி இல்லை என்று சொன்னார்கள், சிலர் மேடையில் ஏறிக் கையில் கிடைத்ததை உடைத்தார்கள். "வட இந்தியாவுல ராக் பார்க்கத் தெரியாது" என்று அன்று இங்கே எத்தனை பேர் எழுதினார்கள்! இரண்டே நாளில், 30ஆம் தேதி, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு வாசித்தது. குர்காவ்னுக்கு டிக்கெட் எடுத்து ஏமாந்தவர்களில் சிலர் அங்கே ஓடிவந்தும் பார்த்தார்கள். கச்சேரி முழுசாக நடந்து முடிந்தது. இரண்டு நாளில் ரசிகனின் குணமா மாறிவிட்டது?

2023 செப்டம்பரில் சென்னைப் பனையூரில் ரஹ்மான் கச்சேரியும் இதே கதைதான். பணம் கொடுத்து டிக்கெட் எடுத்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், பெண்கள் நெரிசலில் பட்ட பாட்டை அழுதுகொண்டே சொன்னார்கள். அப்போதும் முதலில் வந்த குரல் "இவ்வளவு கூட்டம் எதுக்குப் போகணும்" என்பதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திறந்தவெளிக்கு இத்தனை ஆயிரம் பேரை வரச்சொல்லிவிட்டு, அவர்கள் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவார்கள் என்று பார்க்க வேண்டியது பாட்டுக் கேட்க வந்தவனின் வேலையா?

கன்னியாகுமரியிலும் இதையே பார்க்கிறோம். ஜனவரி 1 சூரிய உதயம், சித்ரா பௌர்ணமி அந்தி, அதற்கு மறுநாள் பேப்பரில் கடற்கரைக் குப்பையின் படம். கீழே சுற்றுலாப் பயணிகளின் பொறுப்பின்மை பற்றி நாலு வரி. அந்த இடத்தில் எத்தனை தொட்டி இருந்தது, அவை எத்தனை மணிக்கு நிறைந்தன என்று ஒரு வரி இருக்காது.

சரி, நம்மால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாதா? மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு இருமுடியோடு வரும் பெண்கள் கூட்டத்தைப் பாருங்கள். லட்சக்கணக்கில் வருகிறார்கள். சிறப்புப் பேருந்து ஓடுகிறது, பந்தல் போடுகிறார்கள், தண்ணீர் வைக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை, ஆனால் நடக்கிறது. சின்ன அளவில் பார்த்தால், நம் ஊர்ச் சர்ச் திருவிழாக் கடைசி நாள் கானமேளா, அதாவது இலவசப் பாட்டுக் கச்சேரி. தமிழும் மலையாளமும் மாறி மாறி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும். பங்கு இளைஞர்கள் கயிறு கட்டி, பெண்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்துப் பள்ளிக்கூடக் கழிவறையைத் திறந்து வைத்து, மறுநாள் காலையில் சாக்கோடு வந்து குப்பையையும் பொறுக்குவார்கள். அதே பையன்தான் வேறு ஊரில் பெரிய கச்சேரிக்குப் போனால் காட்டுமிராண்டி ஆகிவிடுகிறான் என்றால் நான் நம்பமாட்டேன். (நம் மாவட்டத்து ராக் ரசிகர்களுக்குப் பெரும்பாலும் வேறு ஊர் என்றால் திருவனந்தபுரம்தான். அவியல் மாதிரிக் குழுவை நேரில் கேட்கக் களியக்காவிளை தாண்டிப் பழகியவர்கள் நாங்கள்.)

இந்தச் சண்டைக்கு நடுவில் எங்கள் வட்டத்தில் சர்ச்சில் கிடார் வாசிக்கும் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழ ஒரு கச்சேரி வச்சா எப்பிடி இருக்கும்?" நல்ல ஆசை. 115 அடி உயரத்தில் வாய்க்கால் ஓடுகிற பாலம், 28 தூண்கள், கீழே பரளியாறு. மேடைக்குப் பின்னால் அந்தத் தூண்களில் விளக்கைத் திருப்பினால் லண்டன்காரனும் வாயைப் பிளப்பான். இன்னொருவர் உடனே வள்ளுவர் சிலைக்கு முன்னால் மிதவை மேடை என்றார். வெனிஸ் ஞாபகம். அது நடக்காது. வெனிஸ் மேடை நின்றது உப்பங்கழியில். இங்கே கடல் கொஞ்சம் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ பாறைக்குப் போகும் படகே நின்றுவிடுகிறது, இதில் டிரம்ஸை வைத்து யார் வாசிப்பது?

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் வட்டக்கோட்டை என்றும் ஒரு பேச்சு வந்தது. முப்பந்தலில் இத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது என்று யோசித்தாலே போதும், ஆனி ஆடியில் அந்தப் பக்கம் மைக் செட் கட்ட முடியாது. காற்று எதிரே அடித்தால் ஒலி மேல்பக்கமாக வளைந்து போய்விடும், பின்னால் நிற்பவனுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். காற்றே இல்லாவிட்டாலும் ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் போகும். மேடைக்கு 340 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அடி ஒரு நொடி தாமதமாக விழும், அவன் கைதட்டு முன்வரிசையோடு சேராது. அதனால்தான் பெரிய திறந்தவெளிக் கச்சேரிகளில் நடுநடுவே ஸ்பீக்கர் கோபுரம் நட்டு, அவற்றின் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்தி விடுகிறார்கள். வெனிஸில் 60 டெசிபல் நிபந்தனையோடு கரைநெடுக நின்றவர்களைவிட, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒழுங்காகக் கேட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

எடக்குமடக்கான இடத்திலும் ஏற்பாடு செய்யலாம் என்பதற்கு மெட்டாலிகாவே உதாரணம். 2013 டிசம்பர் 8 அன்று அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தார்கள். கேட்டவர்கள் 120 பேர் அளவில். அங்கத்திய சூழலுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று பெரிய ஸ்பீக்கரே கிடையாது, எல்லார் காதிலும் ஹெட்போன். கூடாரத்துக்குள் ஹெட்போன் மாட்டித் தலையாட்டும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் அண்டார்டிகாவில் பென்குவினுக்குக் கிடைத்த கரிசனத்தில் பாதி வெனிஸில் மனுசனுக்குக் கிடைத்திருந்தால் அந்த மேயர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

கில்மர் கதைக்கே திரும்ப வருகிறேன். பிங்க் ஃப்ளாய்ட் 1971 அக்டோபரில், இத்தாலியில் எரிமலை புதைத்த பழைய ஊரான பொம்பெய் இடிபாடுகளில் இருக்கும் பழைய ரோமானிய அரங்கத்தில் படப்பிடிப்புக்காக வாசித்தது. பார்வையாளர் இல்லை. கரண்டு பற்றாமல் ஊருக்குள்ளிருந்து நீளமாகக் கேபிள் இழுத்துவர வேண்டியிருந்தது. 2016 ஜூலை 7, 8 தேதிகளில் கில்மர் அதே அரங்கத்தில், இம்முறை ஆட்கள் முன்னால், வாசித்தார். ஒரு இரவுக்கு 2,500 பேர் அளவில்தான் விட்டார்கள். குப்பையும் இல்லை, ராஜினாமாவும் இல்லை. ஊர் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டமும் கொடுத்தது.

இதைக் காட்டி, "பாத்தியளா, ஆளைக் குறைச்சு டிக்கெட் விலையை ஏத்தினா எல்லாம் ஒழுங்கா நடக்கும்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடறுகிறது. இடம் சின்னது, பழையது, அதனால் ஆள் குறைவு என்றால் சரி. ஆனால் கூட்டத்தைச் சமாளிக்கச் சோம்பல்பட்டு, காசுள்ள 2,500 பேர் மட்டும் கேட்டால் போதும் என்று முடிவெடுப்பது வேறு விஷயம். வெனிஸில் தப்பு இலவசம் என்பதில் இல்லை. காசில்லாதவனும் நல்ல கிடாரைக் காற்றாடக் கேட்கட்டும். கானமேளாவுக்கு யார் டிக்கெட் வைக்கிறார்கள்?

அதனால் தம்பியிடம் நான் சொன்னது, எந்தக் குழு, எந்தப் பாட்டு என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். திருவட்டார் பக்கத்திலிருந்து வரும் அந்தக் குறுகிய சாலையில் எத்தனை வண்டி தாங்கும், ஆத்தங்கரையில் தண்ணீரைக் கெடுக்காமல் எத்தனை தற்காலிகக் கழிவறை வைக்கலாம், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று முதலில் கேட்டு வா. மாத்தூர், அருவிக்கரைப் பக்கத்துக்காரர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அவனுக்கு அனுப்பிவைக்கிறேன்.