இறகு முளைத்தால் டைனோசரின் கெத்து குறைந்துவிடாது

'என்னண்ணே, டைனோசருக்கெல்லாம் கோழி வேசம் போட்டு விட்டிருக்காய்ங்க' என்று மதுரைப் பக்கத்து கேம் குரூப்புகளில் இன்னமும் புலம்பல் ஓயவில்லை. டைனோசர் பார்க் கட்டி நடத்தும் ஜுராசிக் வேர்ல்டு எவலூஷன் 2 கேமுக்கு 2023 மார்ச் 30 அன்று வந்த, கூடுதல் விலங்குகளைத் தரும் இறகு விலங்குகள் பேக்கைத்தான் சொல்கிறார்கள். யூட்டிரானஸ், சைனோசாரோப்டெரிக்ஸ், டைனோகைரஸ், ஜெஹோலாப்டெரஸ் என்று அதில் நான்கு உருப்படிகள். இந்தக் கேமுக்கு வந்த கூடுதல் பேக்குகளில் ஆராய்ச்சிக்கு மிக நெருக்கமாக நிற்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வாங்கினவர்களில் பலர் இந்த விலங்குகளைப் பழைய செதில் டைனோசர் மாதிரியே அடைத்து, கண்ட நிறத்தைப் பூசி, 'நல்லா இல்லை' என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். நான்கு விலங்குக்கும் நான்கு விதமான ஆதாரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்க் கட்டினால் இந்த பேக்கின் அருமை தெரியும்.

முதலில் இறகு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நாட்டுக்கோழியின் சிறகு இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் தண்டு, இருபுறமும் வரிசையாக இழைகள். ஓர் இடத்தில் இழைகளைப் பிரித்து விட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் இழையிலும் அதைவிட நுண்ணிய கிளைகளும் அவற்றில் கொக்கிகளும் இருப்பதால்தான் அப்படி. கோழிக்குஞ்சின் மேலுள்ள பஞ்சில் இந்தக் கொக்கி கிடையாது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் சில்க்கி கோழிக்கு வளர்ந்த பிறகும் கொக்கி சரியாக அமையாது. அதனால்தான் அது உடம்பு முழுக்க முடி முளைத்தது போல இருக்கிறது, மழையில் நனைந்தால் தொப்பலாகிவிடுகிறது. யூட்டிரானஸும் சைனோசாரோப்டெரிக்ஸும் போர்த்தியிருந்தது இதையும் விட எளிய இழைப் போர்வை. பறப்பதற்கான இறகு அல்ல. கேமில் அவற்றின் மேல் தெரிவது இறக்கை இறகு மாதிரி இல்லாமல் சடைமுடி மாதிரி இருப்பது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே கோழியின் காலைப் பாருங்கள், செதில். ஒரே உடம்பில் செதிலும் இறகும் சேர்ந்தே இருக்கும். 'ஒன்று செதில் வை, இல்லை இறகு வை' என்ற சண்டை இதோடு தீர்ந்தது.

யூட்டிரானஸ் பற்றி 2012-இல் சீன ஆய்வாளர் சூ ஷிங் குழுவினர் எழுதினார்கள். வடகிழக்குச் சீனாவின் லியாவோநிங் மாகாணத்துப் பாறைகள், சுமார் 12.5 கோடி ஆண்டு பழையவை. கிடைத்தது மூன்று எலும்புக்கூடுகள். பெரியது 9 மீட்டர் நீளம், எடை சுமார் 1,400 கிலோ. இழைகள் 20 சென்டிமீட்டர் வரை பதிந்திருக்கின்றன. நேரடி ஆதாரத்தோடு இறகு உறுதியான விலங்குகளில் இவ்வளவு பெரியது வேறில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியின் சராசரி வெப்பம் 10 டிகிரி அளவில்தான் இருந்தது என்று ஆக்சிஜன் ஐசோடோப் ஆய்வுகள் காட்டுகின்றன. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு 'இவ்வளவு முடி எதற்கு' என்று தோன்றுவது இயல்பு. குளிர்ப் பிரதேசத்தில் அந்தப் போர்வைக்கு வேலை இருந்திருக்கும்.

அப்படியானால் அதன் உறவான டி-ரெக்ஸுக்கும் இறகு வைக்க வேண்டியதுதானே என்று அடுத்த கேள்வி வரும். அவசியமில்லை. டி-ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளின் தோல் அச்சுகளை 2017-இல் வெளியிட்டார்கள், எல்லாம் செதில். உடம்பு பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு கூடுவதில்லை. உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழி குறையும். யானைக்கு முடி அருகியதற்கும் இதே காரணம்தான். ஆகவே ஒரே கேமில் செதில் டி-ரெக்ஸும் இறகு யூட்டிரானஸும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

இனி கட்டும் வேலைக்கு வருவோம். யூட்டிரானஸைக் கொண்டுவந்து டி-ரெக்ஸ் அடைப்பிலேயே விடுவதுதான் பரவலாக நடக்கிற தப்பு. இரண்டும் பெரிய ஊனுண்ணிகள். இந்தக் கேமில் ஒவ்வொரு விலங்கும் தனக்கான எல்லையைத் தானே விரித்துக்கொண்டே போகும். தேவையான காடு, நீர், திறந்தவெளி கிடைக்கும்வரை விரியும். இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சண்டை. தனி அடைப்பு கட்டுங்கள். வேலியை முழுவதும் சுற்றி முடித்து, கதவு வைத்து, முட்டை பொரிக்கும் ஹேட்சரியின் திறப்பு அடைப்புக்குள் இருக்கும்படி பொருத்திவிட்டு, அதற்கப்புறம் முட்டையில் கை வையுங்கள். மின்வேலி போட்டால் துணைமின்நிலையத்தின் வட்டத்துக்குள் வேலி முழுவதும் வருகிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். ஒரு மூலை வெளியே நின்றால் அந்த மூலையில் அது வெறும் வேலிதான், விலங்குக்கு எரிச்சல் ஏறும்போது போய் முட்டலாம்.

மரம் நடுவதில் பலருக்கும் கை நிற்காது. விலங்கைத் தேர்ந்தெடுத்து அதன் தேவைப் பட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு, சின்ன பிரஷ்ஷில் கொஞ்சம் கொஞ்சமாக நடுங்கள். காடு கூடக்கூடத் திறந்தவெளி குறையும். ஒரு பட்டை நிரம்பும்போது இன்னொன்று வடிகிறதென்றால், தீர்வு நட்ட மரத்தைப் பிடுங்குவதில் இல்லை, வேலியைத் தள்ளிப் போட்டு இடத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. அடைப்புக்குள் விலங்குகளின் நிலவரம் பார்க்கும் ரேஞ்சர் போஸ்ட் ஒன்று வைத்து, அதை ஒரு ரேஞ்சர் குழுவின் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். போஸ்ட்டை வைத்துவிட்டு குழுவை ஒப்படைக்க மறந்தால் நிலவரம் பழசாகிவிடும். விலங்கு நோயில் கிடப்பது வேலி உடைந்த பிறகுதான் தெரியவரும். கேமில் நீங்கள் வேலைக்கு வைக்கும் ஆய்வாளர்களையும் கவனியுங்கள். முட்டை வேகமாக வேண்டுமென்று ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கினால், கடுப்பில் அவர்களே பார்க்குக்குள் நாசவேலையில் இறங்குவார்கள்.

இந்த நான்கில் என் மனசுக்கு மிக நெருக்கமானது சைனோசாரோப்டெரிக்ஸ். சுமார் 1 மீட்டர் நீளம், அதில் பாதிக்கு மேல் வால். வாலில் மட்டும் 64 முள்ளெலும்புகள். பறவை அல்லாத டைனோசர் ஒன்றுக்கு இறகுப் போர்வை இருந்ததை உலகம் முதன்முதலில் பார்த்தது 1996-இல் அறிவிக்கப்பட்ட இதன் புதைபடிவத்தில்தான். 2010-இல் அந்த இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து நிறத்தையே கண்டுபிடித்தார்கள். நிறமியைத் தாங்கும் நுண்பைகள் நீள்குச்சி வடிவில் இருந்தால் கறுப்பு, உருண்டையாக இருந்தால் செம்பழுப்பு. இதன் வாலில் செம்பழுப்புப் பட்டையும் வெளிர் பட்டையும் மாறி மாறி வருகின்றன. 2017-இல் வந்த ஆய்வு கண்ணை ஒட்டி முகமூடி போலக் கரும்பட்டை இருந்ததையும், முதுகு அடர்த்தியாகவும் வயிறு வெளுப்பாகவும் இருந்ததையும் காட்டியது. முதுகு நிறத்துக்கும் வயிற்று நிறத்துக்குமான எல்லை உடம்பின் மேல்வாக்கில் சட்டென்று மாறுவதால், நேர்வெயில் விழும் திறந்தவெளியில் வாழ்ந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

பார்க் கட்டுபவருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எங்கே கிடைக்கும்? முட்டை உருவாக்கும் கட்டத்திலேயே நிறமும் கோலமும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொரித்து வெளியே விட்ட பிறகு வருந்திப் பயனில்லை. இதற்குச் செம்பழுப்பு அடிநிறமும் பட்டை வாலும் போடுங்கள். பச்சை, ஊதா எல்லாம் இந்த விலங்குக்குப் பொய். கேம் கேட்கும் அளவுக்கு மேல் ஒரு மரம்கூட நடாமல் இடத்தைத் திறந்து விடுங்கள். ஒரு புதைபடிவத்தின் வயிற்றில் பல்லியே இருந்தது, அப்படிப் புதரோரம் ஓடிப் பிடித்து வாழ்ந்த பிராணி. உருவம் சிறியது என்பதால் பெரிய அடைப்பின் நடுவில் விட்டால் கண்ணிலேயே படாது. தீனி வைக்கும் இடத்தையும் தண்ணீரையும் பார்வைக் கூடத்துக்கு அருகில் வையுங்கள், தானாக அங்கே வந்து போகும்.

யூட்டிரானஸின் நிறம் அப்படி ஆய்வில் உறுதியாகவில்லை, அதனால் உங்கள் இஷ்டம். ஆனாலும் மயில் நீலம் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். அழகர்கோயில் பக்கத்து வயல்களில் திரியும் மயிலின் நீலம் நிறமியால் வருவதில்லை. இழைகளின் கிளைகளுக்குள் நுண்குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறி வரும் நிறம் அது. யூட்டிரானஸின் எளிய இழையில் அப்படி ஓர் அடுக்கு இருந்ததாக ஆதாரம் இல்லை. மினுமினுப்பே கிடையாது என்றும் சொல்லக்கூடாது. மைக்ரோராப்டர் என்ற சிறு டைனோசருக்குக் காக்கையின் மினுக்கம் போன்ற பளபளப்புக் கறுப்பு இருந்ததை 2012-இல் காட்டியிருக்கிறார்கள். அதன் இறகு வளர்ந்த இறகு, விஷயம் வேறு.

டைனோகைரஸின் கதை தனி. 1965-இல் போலந்து–மங்கோலியக் குழு கோபி பாலைவனத்தில் கண்டது 2.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு கைகளையும் சில துண்டுகளையும்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தக் கைகளுக்கு உடம்பு தெரியாது. 2014-இல் இன்னும் இரண்டு எலும்புக்கூடுகளோடு முழு உருவம் வெளிவந்தது: 11 மீட்டர் நீளம், சுமார் 6.4 டன், முதுகில் திமில், வாத்து அலகு மாதிரி வாய். வயிற்றுப் பகுதியில் 1,400-க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள், கூடவே மீன் செதில்கள். கோழி இரைப்பையில் கல் கிடக்கிறதே, அதே வேலைக்குத்தான் அந்தக் கற்கள். இதன் இறகுக்கு நேரடிப் பதிவு கிடையாது. வால் நுனி எலும்புகள் பறவைக்கு இருப்பது போல ஒட்டியிருப்பதாலும், நெருங்கிய உறவான ஆர்னிதோமைமஸுக்கு இறகு உறுதியானதாலும் வைத்த அனுமானம். கேமில் இதற்குச் சடை அடர்த்தியாக இருப்பது கலைஞரின் தேர்வு, தப்பென்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய உடம்புக்கு நான் இன்னும் குறைவாகவே வைத்திருப்பேன். கால்விரல் நுனிகள் சேற்றில் புதையாத அளவுக்கு அகன்றவை, அதனால் அடைப்பில் ஆழமான குட்டையைவிட அகன்று விரிந்த நீர்க்கரை பொருத்தம். கரையோரம் தாழ்ந்த செடிகள், பின்னால் மரவரிசை. கண்மாய்க்கரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெஹோலாப்டெரஸ் டைனோசரே அல்ல, பறக்கும் ஊர்வன. உள் மங்கோலியாவில் கிடைத்து 2002-இல் விவரிக்கப்பட்டது. இறக்கை விரித்தால் சுமார் 90 சென்டிமீட்டர். மேலே இருக்கும் ரோமம் போன்ற இழைகள் இறகின் உறவா, தனியாகத் தோன்றியதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. பூச்சி பிடிக்க வாகான அகன்ற வாய், நம் பொட்டல்காட்டுப் பக்கிக் குருவிக்கு இருப்பது போல. இதைக் குவிமாடக் கூண்டில்தான் வளர்க்க முடியும். புயலில் கூண்டு சேதமானால் வெளியே பறந்துவிடும், ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததுமே பழுதுபார்க்கும் குழுவைக் கூண்டுப் பக்கம் நிறுத்திவையுங்கள்.

குறையும் சொல்லவேண்டும். இந்த பேக்கில் குஞ்சு கிடையாது, எல்லாம் வளர்ந்த உருவிலேயே வெளியே வருகின்றன. பஞ்சுக் குஞ்சு இல்லாத இறகுக் குடும்பம் பாதிதான். குட்டிகளும் ஆண் பெண் வேறுபாடும் 2025 அக்டோபரில் வந்த மூன்றாம் பாகத்தில்தான் சேர்ந்தன. இறகு உதிர்வதும் இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயில் தோகையை உதிர்த்து மொட்டையாகத் திரிவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த காட்சி. விலங்குக்கு அப்படி ஒரு பருவம் கொடுத்திருந்தால் எவ்வளவு உயிரோட்டம் வந்திருக்கும். இதையெல்லாம் விடப் பெரிய குறை வெலாசிராப்டர். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய முண்டுகளை 2007-இலேயே காட்டிவிட்டார்கள். கேமில் அது இன்னமும் 1993 ஜுராசிக் பார்க் படத்தில் பார்த்த மொட்டைத் தோலோடுதான் ஓடுகிறது. படத்தின் ரசிகர்களுக்காக என்றால், பழைய தோல் ஒன்று, இறகுத் தோல் ஒன்று என்று இரண்டையும் கொடுத்துவிட்டுப் போகலாமே.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது தனிக் கேம் இல்லை, அடிப்படைக் கேம் இருந்தால்தான் ஓடும். கேமை எந்தக் கடையில் எந்தக் கருவிக்கு வாங்கினீர்களோ அதே கடையில் அதே கருவிக்குத்தான் பேக்கையும் வாங்க வேண்டும். சடை அடர்ந்த உருவத்தை அருகில் இழுத்துப் பார்க்கும்போது கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை கூடும். கோடையில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் ஆடுபவர்கள் ஃபிரேம் அளவை நொடிக்கு 60-க்கு, தாங்காவிட்டால் 30-க்குக் கட்டிவைத்து, நிழல் தரத்தை ஒரு படி இறக்குங்கள். இறகு மங்கிப்போகும் அளவுக்குத் தரத்தை இறக்காதீர்கள், அதற்காகத்தானே காசு கொடுத்தோம். இஷ்டம்போல் கட்டிப் பார்க்கும் சாண்ட்பாக்ஸ் முறையில் சண்டை, புயல், தப்பியோட்டம் மூன்றையும் அணைத்துவிட்டு முதலில் ஒரு சைனோசாரோப்டெரிக்ஸ் அடைப்பை மட்டும் கட்டிப் பாருங்கள். வாலில் பட்டை சரியாக வந்ததா என்று கமென்ட்டில் படம் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.