ஓட்டுப் போட்டாச்சு, இனிப் பேசாதே என்கிறவர்களுக்கு

அந்த வீடியோவை நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அனல் மின் நிலையத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்த அம்மா பேசி முடிப்பதற்குள், மேடையில் இருந்தவர் "அதான் ஓட்டுப் போட்டீங்கல்லம்மா, இதெல்லாம் அங்க சொல்லிக்குங்க, அடுத்த ஆள் வாங்க" என்றார். அந்த அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றார். அப்புறம் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். மூன்று நாட்களாக அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதைவிட வலித்தது கீழே வந்த கமென்ட்கள். "அவர் சொன்னதில் என்ன தப்பு? ஜனநாயகத்தில் ஓட்டுதான் கருத்து." "நாலு பேர் கத்துகிறார்கள் என்பதற்காக நாட்டுக்குக் கரண்ட் வேண்டாமா?" எழுதியவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். நல்ல மனிதர்கள் என்று நான் நினைத்திருப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். நாம் ஓட்டுப் போடுவது ஆட்சி நடத்த ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க. என் வாசலுக்கு எதிரே எதைக் கட்டினாலும், என் ஊர்த் தண்ணீரில் எதைக் கொட்டினாலும் சம்மதம் என்று அந்த ஓட்டுக்கு அர்த்தம் கிடையாது.

"அங்க சொல்லிக்குங்க" என்றாரே, அந்தப் பந்தல்தான் "இங்கே சொல்லுங்கள்" என்று சட்டம் போட்டுக் கொடுத்த இடம். 1994-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 1997-இல் அதில் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமையேற்க வேண்டும். சுருக்க அறிக்கை உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். பேசியதை எல்லாம் பதிவு செய்து, முடிவில் அதன் சுருக்கத்தை மக்கள் முன்னால் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே வந்து மைக் பிடிக்கிறவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. இது அவருடைய உரிமை.

சரி, அந்த உரிமைக்கு எவ்வளவு பலம்? மிகக் குறைவு. கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்றுகூட விதி இல்லை. வந்த ஆயிரம் பேரும் வேண்டாம் என்று சொன்னாலும் திட்டம் நின்றுவிடாது. எழுந்த கேள்விகளுக்குத் திட்டக்காரர்கள் இறுதி அறிக்கையில் பதில் எழுதிச் சேர்த்தால் போதும். பெரிய திட்டம் என்றால் டெல்லியில் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து பார்த்துப் பரிந்துரைக்கும். அதாவது, மைக்கில் பேசுவதைத் தவிர அந்த அம்மாவிடம் வேறு எந்த அதிகாரமும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பறித்தார்கள். அதற்குத்தான் நீங்கள் லைக் போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரும் அனல் மின் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் கடலோர ஊர்தான். பெயரைச் சொல்லவில்லை, அங்கே இன்னும் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். காலையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறமாக இருக்கும். தண்ணீர்க் குடத்தை மூடாமல் வைத்தால் அம்மா திட்டுவார். சாம்பல் விழுவது எங்களுக்கு வெயில், மழை மாதிரி ஒரு சாதாரண விஷயம். எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அந்த நிலையத்தின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சித்தியோடு நானும் போனேன். காலை பத்து மணிக்குப் பெயர் கொடுத்தார், கூப்பிடும்போது மணி இரண்டு. வெயிலில் உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரமும் சித்தி சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடை ஏறி நன்றாகவே பேசினார். குரல் நடுங்கவில்லை. இறங்கி வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் சொன்னத எழுதினாங்களா?" எழுதினார்கள் சித்தி என்றேன்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கையில் கிடைத்தது. சித்தி பேசியது ஒரே வரியில் இருந்தது. "மீனவப் பெண்மணி ஒருவர் உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு அளிக்கக் கோரினார்." அவர் வேலைவாய்ப்பு என்ற வார்த்தையையே சொல்லவில்லை. பக்கத்திலேயே திட்டக்காரர்களின் பதிலும் இருந்தது. "தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கப்படும்." அந்தத் தாளைச் சித்தியிடம் நான் இன்றுவரை காட்டவில்லை.

ஓட்டைப் பற்றிப் பேசுகிறீர்களே, சித்தி ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. நான் முதல் ஓட்டுப் போட்டது அவர் பின்னால் வரிசையில் நின்றுதான். "இவர்கள் ஓட்டும் போட மாட்டார்கள், அப்புறம் போராட்டம் பண்ணுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024 மக்களவைத் தேர்தலில் வட சென்னையில் சுமார் 60 விழுக்காடு, தென் சென்னையில் சுமார் 54 விழுக்காடு ஓட்டுப் பதிவானது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே இருப்பவர்கள் எந்தத் தொகுதியில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவர்கள் யார் என்பதையும் அப்படியே பாருங்கள்.

ஓட்டால் இதெல்லாம் மாறும் என்றால் எந்த ஓட்டால் மாறும் என்று எனக்குச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் அனல் மின் நிலையங்களுக்குப் புதிய அளவுகோல்களை மத்திய அரசு அறிவித்தது. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, தூசு, பாதரசம் எல்லாவற்றுக்கும் வரம்பு. இரண்டு ஆண்டு அவகாசம். அந்த 2017 கெடு பிறகு 2022 ஆனது. 2021-இல் நிலையங்களை, எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். மறுபடியும் மறுபடியும் நீட்டிப்பு. கடைசியில் 2025 ஜூலையில், சி பிரிவில் இருக்கும் நிலையங்களுக்குப் புகைபோக்கி உயரம் விதிப்படி இருந்தால் போதும், கந்தகத்தைப் பிடிக்கும் எஃப்ஜிடி கருவி வேண்டாம் என்று விலக்கு. நாட்டின் அனல் மின் நிலையங்களில் முக்கால் பங்குக்கும் மேல் அந்த சி பிரிவில்தான் வருகிறது.

ஏ பிரிவு என்றால் என்ன தெரியுமா? தேசியத் தலைநகர்ப் பகுதிக்கோ, 10 லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை உள்ள நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பது. அங்கே கருவி கட்டாயம், அதற்கும் 2027 கடைசி வரை நேரம். சில ஆயிரம் பேர் வாழும் ஊரின் பக்கத்தில் இருந்தால் தேவையில்லை. ஓட்டு எண்ணும்போது எங்கள் ஊர்க்காரருக்கும் நகரத்துக்காரருக்கும் ஆளுக்கு ஒன்று. மூச்சு விடும்போது மட்டும் நாங்கள் எண்ணிக்கையில் குறைந்துவிடுகிறோம்.

2015-க்கும் 2025-க்கும் இடையில் தமிழ்நாட்டில் நாம் 2016, 2019, 2021, 2024 என்று நான்கு பெரிய தேர்தல்களில் ஓட்டுப் போட்டோம். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு வேட்பாளர் வாயிலிருந்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. பிறகு எப்படி நான் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தேன் என்கிறீர்கள்?

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, அந்தக் கருவிக்குச் செலவு அதிகம், கட்டணம் ஏறும் என்று ஒரு நண்பர் விளக்கமாக எழுதியிருந்தார். நியாயமாகப் பேசுகிறவர் என்பதால் சொல்கிறேன். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவுதான். ஆனால் எரிக்கும் அளவு கொஞ்சநஞ்சமா? புகைபோக்கியிலிருந்து வரும் அந்த வாயு காற்றில் நுண்துகளாக மாறி வெகுதூரம் போகிறது. கடலோர நிலையங்களில் இறக்குமதி நிலக்கரியும் எரிகிறது. இருந்தாலும் உங்கள் வாதமே சரி என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கள் ஊர்ப் பந்தலுக்கு வந்து, எங்கள் மொழியில், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருடம் "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் அரசிதழில் போட்டு முடித்துவிட்டார்கள்.

"நீ ஃபேன் போடுவதில்லையா, போன் சார்ஜ் பண்ணுவதில்லையா?" பண்ணுகிறேன். மின்சாரம் வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னாரா? வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். சாம்பலை எங்கே கொட்டுவீர்கள் என்றுதான் கேட்டார். எரிசாம்பலை முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்று 1999-இலிருந்து அறிவிக்கை மேல் அறிவிக்கை வந்துகொண்டிருக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்திருக்கும் சாம்பலைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கரண்ட் எல்லோருக்கும் போகிறது. சாம்பல் மட்டும் ஏன் ஒரே ஊரில் தங்குகிறது? இதைக் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள். எங்கள் ஊரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் புகைபோக்கியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் படுத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரியுமா?

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. என் சித்தியின் கையைப் போய்ப் பாருங்கள்.

கேட்டால் நடக்காது என்றும் சொல்லாதீர்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகள் சொல்லட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. 12-உம் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. நாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. நம் மதுரைப் பக்கத்து அரிட்டாப்பட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசே ரத்து செய்ததும் மக்கள் வாயைத் திறந்ததால்தான். அடுத்த தேர்தலில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால்?

அதே ஆண்டு செப்டம்பரில் என்ன செய்தார்கள்? அணுக் கனிமம், முக்கியக் கனிமம் என்று பட்டியலிட்டவற்றின் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். எண்ணெய், எரிவாயுத் தேடும் கிணறுகளுக்கு 2020 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். முதலில் கட்டிவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவது செல்லாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நான் உண்மையிலேயே அழுதேன். நவம்பரில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது, இரண்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில். பேசுவதற்கு இருந்த இடம் ஒவ்வொன்றாகப் போகிறது. கடைசியில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விரலில் வைக்கும் மை மட்டும்தான் மிஞ்சும் போலிருக்கிறது.

என் தம்பி ஓட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டான். "எதிர்க்கட்சியா இருக்கும்போது வந்து நம்மகூட உட்காருறாங்க, ஆட்சிக்கு வந்ததும் அவங்களே கையெழுத்துப் போடுறாங்க, நான் யாருக்குப் போடுறது?" என்றான். நோட்டாவுக்காவது போடு என்றேன். "நோட்டா முதல்ல வந்தாலும் அடுத்து வந்தவர்தானே ஜெயிச்சார்னு சொல்லுவாங்க?" என்று கேட்டான். உண்மைதான். அன்று அவனோடு சண்டை போட்டேன். ஓட்டுப் போடாதவனுக்குக் கேட்க உரிமை இல்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்காக இப்போது வருத்தப்படுகிறேன். ஓட்டுப் போட்டவர்களைப் போட்டதற்காகவே வாயை மூடச் சொல்கிறார்கள். அப்படியென்றால் பேச உரிமை உள்ளவர் யார்?

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தவர்களும் ஓட்டுப் போட்டவர்கள்தான். நூறு நாள் போராட்டத்துக்குப் பிறகு நடந்து போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். பந்தலில் மைக்கைப் பிடுங்கினால் மக்கள் வேறு எங்கே போவார்கள் என்பதை நாம் ஒரு முறை பார்த்துவிட்டோம். அதனால்தான் அந்த இரண்டு நிமிடம் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நட்பிலிருந்து விலகுகிறவர்களும் விலகலாம்.

நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருக்கப்பட்ட சித்தியின் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேனே. எங்காவது எழுதியிருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

"ஐயா, வணக்கம். நான் கழிமுகத்துல எறா புடிக்கிறவ. வாயில பறியக் கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் தண்ணிக்கடியில தடவித்தான் புடிப்போம். எங்கம்மா காலத்துல கீழ மணலா இருந்துச்சு. இப்ப கால வச்சா முட்டி வரைக்கும் சாம்பச் சேறு உள்ள வாங்குது. கையில தட்டுப்படுறது எறாவா, கட்டியான்னு தெரியல. வேலை கொடுக்குறோம்னு முன்னாடி பேசின ஐயா சொன்னாங்க. நான் வேலை கேட்டு வரல. எனக்கு வேலை இருந்துச்சு. அந்தத் தண்ணியில இன்னும் எவ்வளவு கொட்டுவீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."