மேசை காலியாக இருந்தால் மட்டும் போதுமா?

மேசை மேல் கிடப்பதையெல்லாம் அள்ளி இழுப்பறைக்குள் திணித்துவிட்டு, "ஒழுங்குபடுத்தியாயிற்று" என்று பெருமூச்சு விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. மறுநாள் ஸ்டேப்லர் தேவைப்படும்போது ஒவ்வோர் இழுப்பறையாகத் துழாவ வேண்டும். அது கைக்கு அகப்படுவதற்குள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த யோசனை அறுந்துபோகும். பார்வைக்கு அழகான மேசை வேறு, வேலைக்கு உதவும் மேசை வேறு.

இதை அமெரிக்காவின் பிராங்க் கில்பிரெத் கட்டடச் சாரத்தின் மேலேயே காட்டிவிட்டார். 1885-இல் கொத்து வேலை பழகப் போனவர் அவர். கொத்தனார்கள் ஒவ்வொரு செங்கல்லுக்கும் காலடி வரை குனிந்தார்கள். எடுத்த கல்லின் நல்ல முகம் எது என்று புரட்டிப் பார்த்த பிறகே சுவரில் வைத்தார்கள். கில்பிரெத் கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி சாரத்தை மாற்றியமைத்தார். முகம் பார்த்து அடுக்கித் தரும் பொறுப்பை உதவியாட்களிடம் விட்டார். ஒரு கல் வைக்க 18 அசைவுகள் பிடித்த வேலை ஏறக்குறைய 5 அசைவுகளில் முடிந்தது. கொத்தனாரை யாரும் விரட்டவில்லை, கல் இருந்த இடம்தான் மாறியது.

நம் மேசைக்கும் இதே கணக்குதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் அரைவட்டமாக வீசிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஓயாமல் எடுக்கும் பொருள்கள் மட்டும் இருக்கட்டும்: விசைப்பலகை, பேனா, குறிப்பேடு. எப்போதாவது எடுப்பவை கையை முழுதாக நீட்டும் தூரத்துக்குப் போகலாம். மாதத்துக்கு ஒருமுறை தேடுபவற்றுக்கு மேசையில் இடமே தேவையில்லை. சார்ஜர் கம்பியின் முனை மேசைக்குப் பின்னால் விழுந்து, அதற்காகத் தினமும் மண்டியிடுகிறீர்களா? விளிம்பில் ஒரு கிளிப் மாட்டுங்கள். வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் எழுத்தின் மேல் கை நிழல் விழாது.

காகிதங்களுக்கு ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நோகுச்சி சொன்ன வழியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். தலைப்புவாரியாகப் பிரிக்கவே வேண்டாம். உறைகளில் போட்டு வரிசையாக நிறுத்திவிட்டு, எடுத்த உறையை இடது கோடியில் திரும்பச் செருக வேண்டும். புழங்காதவை தாமாகவே வலது கோடிக்கு ஒதுங்கிவிடும். எதைக் கழிப்பது என்று மூளையைக் கசக்க வேண்டிய தேவையே வராது.

அலுவலகங்கள் மீதுதான் எனக்குக் கோபம். மாலையில் மேசை துடைத்து வைத்தாற்போல் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். பொருள்களை வைக்க ஒரு சின்ன இழுப்பறைதான் இருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் அது வலப்பக்கத்தில்தான் இருக்கும். நாளெல்லாம் அங்கே உட்காரப் போகிறவரிடம், மேசை வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?