தோற்றவருக்கு இரண்டு புள்ளி எதற்கு?

2015 ரக்பி உலகக் கோப்பை, இங்கிலாந்தின் பிரைட்டன் மைதானம். தென்னாப்பிரிக்கா 32, ஜப்பான் 29. கடைசி நிமிடங்களில் எதிரணியின் தவறுக்காக ஜப்பானுக்கு ஒரு பெனால்டி. கோலுக்கு உதைத்தால் மூன்று பாயிண்ட், ஆட்டம் டிரா. உதைக்கவில்லை, ஸ்க்ரம் (இரு அணியும் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடுவது) கேட்டார்கள். ஜப்பானின் கார்ன் ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்து ட்ரை வைத்தார் (கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை, ஐந்து பாயிண்ட்). 34-32. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

இப்போது புள்ளிப் பட்டியலுக்கு வாங்க (ஆட்டத்தில் எடுப்பது பாயிண்ட், பட்டியலில் சேர்வது புள்ளி). வென்ற ஜப்பானுக்கு 4. தோற்ற தென்னாப்பிரிக்காவுக்கு 2! நான்கு ட்ரை வைத்ததற்கு ஒன்று, ஏழு பாயிண்டுக்குள் தோற்றதற்கு ஒன்று. இந்தக் கூடுதல் புள்ளிகள்தான் போனஸ். ஜப்பான் வைத்தது மூன்றே ட்ரை, அதனால் போனஸ் கிடையாது. டிரா ஆனாலே ஆளுக்கு 2தான். அதாவது தோற்றவர்கள் டிராவுக்கு உரிய கூலியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பிரிவில் தென்னாப்பிரிக்கா, ஸ்காட்லாந்து, ஜப்பான் மூன்றுமே மூன்று வெற்றி. புள்ளிகள் 16, 14, 12. மூன்றாவதாக வந்த ஜப்பான் வெளியே. போனஸ்தான் கழுத்தறுத்தது என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்லித் திரிந்தவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனஸே இல்லாவிட்டால் மூவருக்கும் சமப் புள்ளி; தங்களுக்குள்ளும் ஆளுக்கு ஒருவரை வென்றிருந்தார்கள். பாயிண்ட் வித்தியாசத்தில் (எடுத்தது கழித்தல் கொடுத்தது) ஜப்பான் மைனஸ் 2, மூவரில் கடைசி. அப்போதும் வெளியேதான். (தென்னாப்பிரிக்காவை வென்ற நாலாம் நாளே ஸ்காட்லாந்தோடு ஆடவைத்ததுதான் பெரிய அநியாயம். அது தனிப் பதிவு.)

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. நான்கு ட்ரை வைத்தால் போனஸ் என்பதில் எதிரணிக்கு வேலையே இல்லை. நான்காவது ட்ரை வைத்தவன் அதன் பிறகு எதிரணியிடம் ஆறு ட்ரை வாங்கினாலும் போனஸ் போனஸ்தான்.

பிரான்ஸின் டாப் 14 லீகில் வேறு கணக்கு. எதிரணியைவிட மூன்று ட்ரை அதிகம் வைத்து வென்றால்தான் போனஸ். இருபது பாயிண்ட் பின்தங்கிக் கிடக்கும் அணி கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரை வைத்தால், வென்றவன் கையில் இருந்த போனஸ் பறிபோகும். செத்துப்போன ஆட்டத்துக்கு உயிர் வருவது இப்படித்தான். என் ஓட்டு இதற்கே.

ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் 2017-இல் போனஸைக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கலை முன்கூட்டியே பார்த்தார்கள். ஓர் அணிக்கு ஐந்து ஆட்டம்; ஐந்தையும் வென்றால் குறைந்தது 20 புள்ளி. நான்கு வென்று ஒன்றில் தோற்றவன் எல்லா போனஸையும் அள்ளினால் 22! அதனால் ஐந்தையும் வென்றவருக்குக் கூடுதலாக 3. ஓட்டைக்கு ஒட்டு போட்ட மாதிரிதான், ஆனால் நேர்மையான ஒட்டு.

சிறு வித்தியாசத்தில் தோற்றவருக்குத் தரும் போனஸ் இருக்கட்டும். ஏழு என்பது ஒரு ட்ரையும் கன்வர்ஷனும் (ட்ரைக்குப் பின் கோலுக்கு உதைத்து எடுக்கும் இரண்டு பாயிண்ட்), நியாயமான அளவு. ஒரு காட்சி மட்டும் உறுத்தும்: பத்து பாயிண்ட் பின்னால், கடைசி நிமிடம், பெனால்டி. கோலுக்கு உதைத்து, ஏழில் தோற்று, ஒரு புள்ளியோடு கை குலுக்கிவிட்டுப் போவார்கள். டாப் 14-இல் அந்த எல்லை ஐந்து. அங்கே அதே பத்தில் அந்த உதைக்கு ஒரு மதிப்பும் இல்லை, ட்ரைக்குத்தான் போயாக வேண்டும்.