கையெழுத்துப் போட ஆளில்லாத வீடு

பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் டைரியில் வீட்டுப் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது பள்ளி விதி. ஒரு பையனின் டைரியில் மட்டும் அந்தக் கையெழுத்து நாளுக்கொரு மாதிரி இருந்தது. ஒருநாள் சாய்ந்து, ஒருநாள் நிமிர்ந்து, ஒருநாள் சுழித்து. பேனாவை அப்படி அழுத்தியிருப்பான், தாளைத் திருப்பினால் பின்பக்கம் விரலில் தட்டுப்படும். கடைசியில் வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன், "திருட்டுக் கையெழுத்தா போடுறே?" அவன் அழவில்லை. மறுக்கவும் இல்லை. "நீங்கதானே டீச்சர் தினமும் கையெழுத்து வேணும்னு சொன்னீங்க" என்றான்.

அவனைத் தண்டித்தேன். இதை எழுதவே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவன் சட்டையில் இரண்டாவது பட்டன் இருந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் இருக்கும். பெரியவர்கள் குத்தினால் உள்பக்கமாகக் குத்துவார்கள், வெளியே தெரியாது. இது வெளிப்பக்கம், கோணலாக. அவனே குத்திக்கொண்டது. அதைத் தினமும் பார்த்தேன். வெட்டாத நகத்தைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் கண் சொருகுவதைப் பார்த்து "ராத்திரி என்ன பண்றே?" என்று அதட்டியும் இருக்கிறேன். எல்லாமே என் கண் முன்னால்தான் இருந்தது. எனக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிந்ததே தவிர, ஒரு குழந்தைக்கு நடக்கும் கொடுமையாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவனை யாரும் அடிக்கவில்லை. உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். அவனைக் கவனிக்க மட்டும் ஒருவருமில்லை.

குழந்தைகள் மீதான வன்முறை என்றதும் நம் மனதில் ஓடுவது சூடு போட்ட கை, கட்டிவைத்து அடித்தது, இருட்டில் வந்த அந்நியன். செய்தியாக வருவதும் இவைதான். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் குழந்தைகள் நலத்துறைக்கு வரும் புகார்களை விசாரித்து, உறுதியானவற்றை ஒவ்வொரு ஆண்டும் நாடு முழுவதற்கும் தொகுக்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அப்படி உறுதியானவர்கள் ஏறக்குறைய 5.59 லட்சம் குழந்தைகள். அவர்களில் 74 சதவீதம் பேர் புறக்கணிப்புக்கு, அதாவது கவனிக்க ஆளில்லாத நிலைக்கு, ஆளானவர்கள். உடல்ரீதியான துன்புறுத்தல் 17 சதவீதம். பாலியல் வன்முறை 10 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரே குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரலாம் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும்.

வயதைப் பார்த்தால் இன்னும் வலிக்கும். அதிகம் பாதிக்கப்படுவது ஒரு வயது நிரம்பாத சிசுக்கள். அந்த ஆண்டில் ஆயிரத்துக்கு 22 பேர். வேறு எந்த வயதுக் குழந்தைகளிலும் இவ்வளவு இல்லை. பேசத் தெரியாது, ஓடத் தெரியாது, பள்ளிக்கூடம் போகாது, வெளியாள் ஒருவர் பார்க்கவும் வாய்ப்பில்லை. செய்தவர்கள் யார் என்ற கணக்கில் முக்கால்வாசிப் பேர் பெற்றவர்கள். அந்நியன் அந்தப் பட்டியலில் எங்கோ கடைசியில் நிற்கிறான். நாமோ குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் "தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்பது ஒன்றைத்தான்.

இந்தக் கணக்கெல்லாம் பிடிபட்டவை மட்டும். பிடிபடாதவை எவ்வளவு? நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டிருக்கிறார்கள். சிறுவயதில் பாலியல் வன்முறை நடந்ததா என்று பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர் ஆமாம் என்கிறார்கள். ஆசிரியர், மருத்துவர், அலுவலர் போன்றவர்களிடம் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 4. அடி உதை விஷயத்தில் அதே இரண்டு எண்கள் 226, 3.

127க்கும் 4க்கும் நடுவே விடுபட்டவர்கள் 123 பேர். அவர்களுக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும், செய்தவனுக்குத் தெரியும். என்னைப் போல ஒவ்வொரு நாளும் அவர்கள் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஆசிரியராக இந்த இரண்டு எண்களையும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

குழந்தை ஏன் சொல்வதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் செய்தவர் வீட்டுக்கு வந்துபோகிறவர், அல்லது வீட்டிலேயே இருப்பவர். குழந்தைக்குப் பிடித்தவராகவும் இருப்பார். முதல் நாளே தப்பாக நடந்துகொள்வதில்லை. பரிசு, செல்லம், "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்ற ரகசியம், அப்புறம்தான் மற்றது. அதற்குள் குழந்தை தானும் கூட்டு என்று நம்பிவிடுகிறது. அதோடு, நடந்ததைச் சொல்ல அதற்கு வார்த்தை கிடையாது. உடம்பில் பாதிப் பாகத்துக்குப் பெயரே சொல்லித்தராமல் "சீ" என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம்.

ஆண் பிள்ளைகளிடம் இதைக் கேட்பதற்கே ஆளில்லை. 2024 அக்டோபரில் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 18 வயதுக்கு முன் பலாத்காரத்துக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளான பெண்கள் இன்று உலகில் 37 கோடிக்கு மேல், அதாவது எட்டில் ஒருவர். ஆண்கள் 24 முதல் 31 கோடி, பதினொன்றில் ஒருவர். "பையன்தானே, அவனுக்கென்ன" என்கிற ஒரு வாக்கியம் இவர்களில் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கும்.

பார்த்தும் பார்க்காமல் போவது ஆசிரியர்கள் மட்டுமல்ல. குழந்தையை அடித்து எலும்பை உடைப்பது காலங்காலமாக நடந்ததுதான். ஆனால் மருத்துவ உலகம் அதற்கு ஒரு பெயர் வைத்து உரக்கச் சொன்னது 1962இல்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய சகாக்களும் 71 மருத்துவமனைகளிலிருந்து 302 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டினார்கள். 33 பேர் இறந்திருந்தார்கள், 85 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. எக்ஸ்ரே எப்போதோ வந்துவிட்டது. ஆறிய முறிவும் புது முறிவும் ஒரே படத்தில் தெரிந்தன. பெற்றவர்கள் இதைச் செய்வார்கள் என்று நம்ப மனம் ஒப்பாததால், மருத்துவர்களுக்கும் கண்ணால் கண்டது கருத்தில் ஏறவில்லை.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஓடி ஆடி விழும் பிள்ளைக்கு முட்டியில், முழங்காலுக்குக் கீழே, நெற்றியில் காயம் படும். முன்னால் துருத்தி நிற்கும் இடங்கள் அவை. காதில், கழுத்தில், வயிறு, முதுகுப் பகுதியில் கன்றிப்போயிருந்தால், அதுவும் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால், சும்மா விட்டுவிடக் கூடாது. புரளக்கூடத் தெரியாத நான்கு மாதக் குழந்தையின் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் கேள்வி கேட்டே ஆகவேண்டும். கட்டிலிலிருந்து விழுந்தது என்ற பதிலை அந்த வயதில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் வாதம் செய்வதை நிறுத்திவிட்டேன். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர், ஏறக்குறைய 40 கோடிப் பேர், வீட்டிலேயே அடியோ மனதை நோகடிக்கும் வசவோ வாங்குகிறார்கள். ஸ்வீடன் 1979இலேயே அதைச் சட்டத்தால் தடுத்தது. அங்கே பிள்ளைகள் தறுதலையாகிவிடவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பேச விரும்புவது அந்த 74 சதவீதத்தைப் பற்றி.

புறக்கணிப்பை நாம் லேசாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதில் ஒரு செயல் கிடையாது. யாரும் கையை ஓங்குவதில்லை. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுகிறாள். பிறகு முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சும்மா பார்க்கிறாள், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் போடும். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடம்பைத் தளர்த்திவிடும். இதெல்லாம் சில நிமிடங்களில். அந்தச் சோதனையில் தாய் உடனே பழையபடி சிரித்துவிடுகிறாள். சிரிக்காமலே வருடங்கள் போகும் வீடுகள் உண்டு.

அந்த வருடங்கள் என்ன செய்யும் என்பதற்கு ருமேனியா சாட்சி. 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அரசு விடுதிகளில் வரிசைக் கட்டில்களில் கிடந்தார்கள். 2000இல் தலைநகர் புகாரெஸ்ட்டில் அப்படிப்பட்ட 136 சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதியில் சாப்பாடு இருந்தது, கூரை இருந்தது. ஆனாலும் அங்கிருந்தவர்களின் மூளை மின்னலைகள் சோர்ந்து கிடந்தன. பல விஷயங்களில், இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்தின் மடிக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். தாமதமாகப் போனவர்கள் அந்த அளவு தேறவில்லை. பதில் சொல்ல ஒரு முகம் இல்லாமல் போனால் மூளையே வளரத் தடுமாறுகிறது.

இன்னொரு சிக்கல், பாதிக்கப்பட்டவர்களுக்கே இது தெரியாமல் போவது. 2019இல் வந்த ஒரு திரட்டு ஆய்வில், சிறுவயதிலேயே துன்புறுத்தலோ புறக்கணிப்போ பதிவானவர்களில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேர், பெரியவர்களான பின் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. மறந்திருக்கலாம், சொல்ல விரும்பாமல் இருக்கலாம். எனக்குப் படுவது வேறு. அடி விழுந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். யாரும் தலை வாரிவிடாததை, காய்ச்சலில் கிடந்தபோது யாரும் நெற்றியில் கை வைக்காததை, அந்த நடக்காத விஷயத்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? "என் சின்ன வயசு சாதாரணமாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு, ஏன் எதிலும் ஒட்ட முடியவில்லை என்று தெரியாமல் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால் உங்களுக்கு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். "அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்கத்தான் செய்வான்" என்று ஊரே சொல்லும். காஃப்மன், ஜிக்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் அன்றைய ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்துச் சொன்னது, அப்படித் தொடர்வது சுமார் 30 சதவீதம் என்று. மீதிப் பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கடத்தவில்லை. காயப்பட்டவனை வருங்காலக் குற்றவாளியாகப் பார்ப்பது அவனுக்கு இரண்டாவது முறையாகச் செய்யும் கொடுமை. உடம்புக்கு வரும் விளைவுகள் உண்மைதான். ஃபெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் நான்கோ அதற்கு மேலோ வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆபத்து என்றால் வாய்ப்பு, விதியல்ல. ஒன்று நடக்கும் வீட்டில் பெரும்பாலும் இன்னொன்றும் நடக்கிறது என்பதையும் அந்த ஆய்வுதான் பலருக்குப் புரியவைத்தது. ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதையும் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வரும் தாயின் பிள்ளையும் பட்டன் இல்லாத சட்டையோடு வரும். அவளைக் குற்றவாளியாக்கினால் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆளையும் பிடுங்கியதாகிவிடும். அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்ட 2017 ஆய்வு ஒன்றில், குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு ஒரு டாலர் கூடியபோது புறக்கணிப்புப் புகார்கள் 9.6 சதவீதம் குறைந்திருந்தன. அதற்காக எல்லாம் காசுதான் என்றும் சொல்லிவிட முடியாது. என் மாணவன் வீட்டில் காசுக்குக் குறைவில்லை.

தண்டித்த ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல், அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான். எப்படித் தோன்றியதோ, "காலையில எழுந்ததுல இருந்து சொல்லு" என்றேன். சொன்னான். பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தில் எழுவது, தம்பியைக் குளிப்பாட்டுவது, ஷூ லேஸ் கட்டிவிடுவது, இருக்கிறதைச் சாப்பிடுவது. "வீட்டுல யாராவது உன்கிட்ட என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "கதவைச் சாத்திட்டுப் போன்னு சொல்வாங்க டீச்சர்."

மேலே இருந்தவர்களிடம் போனேன். குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம் என்றார்கள். விடாமல் எழுதிக் கொடுத்து, குழந்தைகள் நல அலுவலர் அந்த வீட்டுக்குப் போக மூன்று மாதம் ஆனது. பிறகு அவனும் தம்பியும் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது வரை தெரியும்.

அடுத்த வருடம் என் வகுப்பில் பெற்றோர் கையெழுத்து என்ற விதியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் "நேற்று சாயங்காலம் வீட்டில் யாரோடு பேசினாய், என்ன பேசினாய்?" என்று ஒரே ஒரு வரி எழுதி வரச் சொன்னேன். முதல் வாரம் முழுக்க நான்கு டைரிகளில் அந்த இடம் காலியாகவே வந்தது.